அன்னாசிப் பூ

கேக் அலங்காரம் என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவன ஐசிங் ரோசாப்பூக்களும், வெள்ளி பூசினாற் போன்ற சீனிமணிகளும், கண்ணைப் பறிக்கும் சிவப்புச் செர்ரிப்பழங்களுமே. வரவேற்பு வைபவங்களில் மேசையின் நடுவே அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் கேக்கைச் சிறுவர்கள் சுற்றி நின்று ஆவலோடு பார்ப்பார்கள். வெட்டிப் பரிமாறிய பின்னரோ, அந்த ரோசாப்பூக்கள் தட்டுகளின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டு அநாதையாய்க் கிடக்கும். உண்ண முடியாத பொருளை உண்ணும் பண்டத்தின் தலையில் ஏற்றி வைப்பது எனக்கு என்றுமே உடன்பாடானதன்று. ஆயினும் வீட்டிலிருந்தவாறே கேக் செய்து கொடுத்து வாழ்பவள் நான். கேட்பவர் விருப்பத்துக்கு மாறாக நடக்க எனக்கு இயலுமா? ஆதலால் பல ஆண்டுகளாகச் சீனியில் ரோசாப்பூச் செய்துகொண்டே வந்தேன்.

பழத்தை மெல்லிய வட்டங்களாகச் சீவி, போறணையின் இளஞ்சூட்டில் உலர்த்தி, அவற்றையே கேக்குக்குச் சூட்டும் முறையை நான் கைக்கொண்டது கலை ஆர்வத்தால் அன்று, வேறு வழியின்மையால். 2016 ஆம் ஆண்டு என் கணவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். அதுவரை தம்புள்ளைச் சந்தைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மரக்கறி லொறி ஓட்டி வந்தவர், அதன்பின் வலக்கை வழங்காமல் நாற்காலியில் அமர்ந்தார். அவருடைய மருந்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், வயது முதிர்ந்த என் தாயாரின் பராமரிப்புக்கும் எங்கள் குசினியில் இருந்த சிறிய மின்சாரப் போறணையே துணையாயிற்று. நாம் 'அவண்' என்று வழங்கும் அப்பெட்டி கலியாணச் சீதனமாக வந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். சீதனத்தில் வந்த மற்றவை எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன.

2022 ஆம் ஆண்டு இந்நாடு பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி இல்லாமற் போனது. இறக்குமதிச் சாமான்கள் பலவற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. சீனிமணியும் செர்ரியும் கடைகளில் அருகிப் போயின. கிடைத்தபோதும் நெருங்க முடியாத விலை. கேக் கேட்பவர்களும் குறைந்தனர். கேட்ட சிலரும், "வடிவாய் இருக்க வேணும், ஆனால் விலை கூடக் கூடாது" என்றனர். அவர்கள் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. அவர்கள் வீட்டிலும் அதே வரிசை, அதே இருள்.

அந்நாட்களில்தான் திருநெல்வேலிச் சந்தையில் குவிந்திருந்த அன்னாசியின் மேல் என் கண் விழுந்தது.

அன்னாசி நம் மண்ணுக்கு உரியதன்று, தென்னமெரிக்காவில் பிறந்தது. 1493 ஆம் ஆண்டு கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தின்போது குவாதலூப்புத் தீவில் அதைக் கண்டார். போர்த்துக்கேயர் அதைக் கீழைநாடுகளுக்குக் கொணர்ந்தனர்; 'அன்னாசி' என்ற பெயரும் அவர்கள் மொழிவழியே நமக்கு வந்ததுதான். இன்று இலங்கையில் கம்பகா, குருநாகல் மாவட்டங்களில் தென்னைகளின் இடையே ஊடுபயிராக அது பெருமளவில் விளைகின்றது. அங்கிருந்தே லொறிகளில் வடக்கே வருகின்றது. மாணவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளலாம். அன்னாசி ஒரு தனிப்பழம் அன்று. ஒரே தண்டில் நெருங்கிப் பூத்த நூறு, இருநூறு சிறு பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு ஒரு பழமாகின்றன. மேற்புறத்தில் நாம் 'கண்' என்று தோண்டி எறிவது ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு பூ. ஆகவே அன்னாசியை மீண்டும் பூவாக்குவது அதற்கு இயல்பான காரியமே.

பழந் தெரியும் பொறுப்பை என் கணவரிடம் விட்டேன். ஆண்டுக்கணக்காக அன்னாசி ஏற்றி இறக்கியவர் அவர். சந்தையிலிருந்து வந்த பழங்களை அவர் மடியில் வைப்பேன். இடக்கையால் உருட்டுவார், அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டு செல்வார், விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். "இது பூவுக்கு ஆகாது, சாப்பிட வை" என்பார். பூவுக்கு ஆவது மஞ்சள் தலைகாட்டிய, சதை இறுகிய பழம். கனிந்து குழைந்தது சீவும்போது நைந்துவிடும். அதில் இனிப்பு மிகுதியாதலால் சூட்டில் விரைவாகக் கருகவும் செய்யும். முற்றாக் காயை வாங்கி வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெட்டி எடுத்த பின் அன்னாசியின் நிறம் மாறுமே ஒழிய இனிப்பு ஏறாது. மாம்பழத்தின் குணம் வேறு. இதன் குணம் வேறு.

முந்தின இரவே பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் சீவுவதற்கு இலகுவாக இருக்கும். தோலைச் சற்றுத் தடிப்பாகவே நீக்கவேண்டும். கண்களைச் சரிவான வரிகளாக வெட்டாமல், கத்தி நுனியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பேன். அந்தக் குழிகளே பின்னர் இதழ்களின் விளிம்பாகின்றன. எனவே இவ்விடத்தில் அவசரம் ஆகாது. பிறகு நாணயக்குற்றியின் தடிப்பில், அதாவது ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றரில், வட்டங்களாகச் சீவ வேண்டும். நடுத்தண்டை நீக்க வேண்டியதில்லை. அதுவே பூவின் நடுவாக அமையும். ஒரு நல்ல பழத்தில் இருபதுக்கு மேற்பட்ட வட்டங்கள் தேறும். சுத்தமான துணி இரண்டின் இடையே வைத்து மெல்ல ஒற்றி ஈரத்தை வாங்கி, எண்ணெய்த்தாள் விரித்த தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குவோம். அடுக்கும் வேலையும் நாளடைவில் கணவருடையதாயிற்று. வட்டங்கள் மெல்லியவை, இடக்கை ஒன்றினால் கிழியாமல் எடுத்து வைப்பது அவருக்கு முதலில் பெரும் பிரயாசையாக இருந்தது. வைத்தியசாலையில் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்யச் சலித்துக்கொள்பவர், இதற்கு மட்டும் மணிக்கணக்காகச் சலிப்பின்றி இருப்பார். நான் அதைக் கண்டும் காணாதது போல இருந்துவிடுவேன்.

சூட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதே இதில் முக்கியமானது. கேக் சுடுவதற்கு 170, 180 பாகை வைக்கும் பழக்கம் நம் கையில் ஊறியிருக்கின்றது. பழத்துக்கு அது ஆகாது. அன்னாசியின் சதையில் நூற்றுக்கு 86 பங்கு வரை தண்ணீர். அந்தத் தண்ணீரை மெல்ல வெளியேற்றுவதே உலர்த்தல். அதிகச் சூடு கொடுத்தால் மேற்புறம் விரைவில் இறுகி ஒரு தோல் போலாகி, உள்ளே நிற்கும் ஈரத்துக்கு வழியடைத்துவிடும். பார்வைக்குக் காய்ந்தது போலத் தோன்றும்; நாலாம் நாள் தகரத்தைத் திறந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஆகவே 90 முதல் 100 பாகைக்கு மேல் ஏற்றுவதில்லை.

எங்கள் போறணையின் முதல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், "கதவை ஏன் பிள்ளை பூட்டி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். சூடு வெளியே போய்விடுமே என்றேன். "நெருப்பிலை காயாது, காத்திலைதான் காயும். உள்ளை நிக்கிற ஆவியை வெளியாலை விடு" என்றார்.

அம்மா மின்சாரப் போறணையைத் தொட்டதும் இல்லை. கேக் சுட்டதும் இல்லை. ஆனால் பனாட்டுப் போட்டவர். இக்காலப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பார்கள்? ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழத் தொடங்கும். அதைப் பிசைந்து களியெடுத்து, உயரமாகக் கட்டிய பந்தலில் பாய் விரித்து, அதன்மேல் மெல்லிய படையாக ஊற்றுவார்கள். ஒரு படை காய்ந்தபின் மறுபடை; அதன்மேல் இன்னொன்று. வெயில் மட்டும் போதாது. பந்தலின் கீழும் மேலும் காற்று ஓடவேண்டும். அதற்காகத்தான் பந்தலை உயர்த்திக் கட்டுவது. கைகாட்டி வித்தை அறிந்தவர்போல் அம்மா விரல் நுனியால் தொட்டே சொல்லுவார், இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்றோ, உரித்தெடுக்கலாம் என்றோ. ஒடியலும், புழுக்கொடியலும், பாகற்காய் வற்றலும், மோர்மிளகாயும் அந்த விரல்களின் ஆட்சியிலேயே இருந்தன. தன்வீட்டில் எதுவுமே வீணாகிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. 

அன்று முதல் போறணைக் கதவின் இடையில் ஓர் அகப்பைக் காம்பைச் செருகி, இரண்டு விரற்கிடை திறந்தே வைக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து வட்டங்களைப் புரட்டிவிட வேண்டும். மேலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓரங்கள் சுருங்கி நெளிந்து பொன்னிறமாகும். இந்த நிலையில் எடுத்து ஆறவிட்டால் தட்டையாக இறுகிவிடும். சூடாக இருக்கும்போதே எடுத்துக் கப்கேக் தட்டின் குழிகளில் நடுவை அழுத்தி வைத்தால், ஓரங்கள் மேலெழும்பிப் பூவாக நிற்கும். பழத்திலுள்ள சீனி சூட்டில் நெகிழ்ந்தும் குளிரில் விறைத்தும் நிற்பதே இதன் சூட்சுமம். குழித்தட்டோடு மீண்டும் போறணையில் அரை மணி நேரம். பின்னர் போறணையை நிறுத்திவிட்டு உள்ளேயே ஆறவிடலாம். மின்வெட்டுக் காலத்தில் இது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மின்சாரம் நின்றாலும், மிஞ்சிய சூட்டில் பூக்கள் தம் வேலையைத் தாமே முடித்துக்கொண்டன. உரித்துச் சீவிய ஒரு கிலோ அன்னாசி காய்ந்து வரும்போது 170 கிராம் அளவே நிற்கும். முதல் முறை நிறுத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிற்று. பின்னர் எண்ணிப் பார்த்தால், போனது தண்ணீர்தானே.

மற்றப் பழங்களையும் செய்து பார்த்தேன். அப்பிளைத் தோலோடு குறுக்கே சீவினால் நடுவில் விதைப்பை நட்சத்திரம் போலத் தெரியும். தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் தோய்த்தெடுத்தால் கறுக்காது. தோடம்பழ வட்டம் கண்ணாடிச் சாளரம் போல அழகாகக் காயும். ஆனால் வெண்தோலின் கசப்பு நிற்கும். சம அளவு சீனியும் தண்ணீரும் காய்ச்சிய பாகில் சற்று நேரம் கிடத்தியபின் உலர்த்துவது நல்லது. பிபிலைத் தோடம்பழம் இனிமையானதாயினும் தோல் பச்சையாதலால் காய்ந்தபின் களை குன்றித் தோன்றும். அதைச் சாறாகக் குடிப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. வாழைப்பழம், பப்பாசி இரண்டும் இதற்கு உதவா. மாம்பழம் தோல் போலாகிவிடும். கறுத்தக்கொழும்பானைப் போறணைக்குள் வைக்க எனக்கு மனமும் வரவில்லை.

நட்சத்திரப்பழத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரமாக விழும் அப்பழம், உலர்ந்தபின் கேக்கின் மேல் வைக்க மிக அழகானது. ஆயினும் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது நஞ்சாக முடியும். விக்கலில் தொடங்கி மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய் விடக்கூடியது. வட மத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கின்றது என்பதை நாம் அறிவோம். பலர் கூடி உண்ணும் கேக்கில் யாருக்கு என்ன நோய் என்று செய்பவள் எவ்வாறு அறிவாள்? ஆகவே நான் அதை வைப்பதே இல்லை. கேட்டு வற்புறுத்தியவர்களுக்கும் மறுத்திருக்கிறேன்.

அந்த ஆண்டு ஆனி, ஆடியில், சோளகக் காற்று அடிக்கும் வரட்சியில், பூக்கள் ஒருவித சிரமமும் தரவில்லை. இரண்டு பிறந்தநாள், ஒரு சாமத்தியச் சடங்கு என்று வாய்மொழியாகவே செய்தி பரவிற்று. கார்த்திகை மாதத்தில் ஒரு கலியாண வரவேற்புக்கு மூன்று தட்டுக் கேக் கேட்டு வந்தார்கள். அறுபது பூக்கள் வேண்டும். அன்னாசிப் பூவே வேண்டும் என்றவள் மணப்பெண். அவளுடைய தாயாருக்கு அது பிடிக்கவில்லை. "காய்ஞ்ச பழத்தை வைச்சுச் சபையிலை எங்களை வெக்கப்படுத்தாதேங்கோ தங்கச்சி. வெளிநாட்டாக்கள் எல்லாம் வருகினம்" என்றார். முற்பணமாகப் பாதி தந்தார். மீதி, கேக்கைக் கண்ட பின்னர் என்றார். அந்த மீதிப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு வேலை காத்திருந்தது. கணவருடைய மருந்துகளில் ஒன்று அரச வைத்தியசாலையில் இல்லாமற் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது, வெளியே வாங்கவேண்டும்.

கார்த்திகை மழையை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். தலையணை ஈரமாயிருக்கும், உப்புச் சாடி நீர்விடும், தீப்பெட்டி பற்றாது. அப்படியான காற்றில் சீனி நிறைந்த பொருள் எதுவும் விறைப்பாக நில்லாது. சூழ்ந்திருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அறுபது பூக்களுக்குப் பதிலாக எண்பது செய்து, நன்கு ஆறியபின் பிஸ்கட் தகரங்களில் தாளிட்டு அடுக்கி, மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தேன். சூடு ஆறுமுன் மூடினால் ஆவி உள்ளேயே நீராகிவிடும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். கலியாண நாள் பிற்பகல் ஒரு தகரத்தைத் திறந்து, பத்துப் பூக்களை எடுத்து மேசையில் வைத்தேன். இடியும் மழையுமாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் இதழ்கள் தலை சாய்ந்தன. தொட்டால் தோல் போல வளைந்தன. மண்டபத்தில் ஐந்து மணிக்குக் கேக் நிற்க வேண்டும். மற்றப் பூக்களையும் கடைசி நேரத்தில் ஒரு முறை போறணையில் காட்டியெடுக்கலாம் என்று திட்டமிட்டிருந்தேன். மூன்று மணிக்கு மின்சாரம் நின்றது.

நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். கணவர் என் முகத்தைப் பார்க்காமல் தம் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண்பதையும் அடுக்கியவர் அவர். அம்மாதான் குரல் கொடுத்தார். "சிரட்டைக்கரி கிடக்கோ?"

பின்புறத்துத் தாழ்வாரத்தில் பழைய விறகடுப்பு இருந்தது. எரிவாயு இல்லாத மாதங்களில் அதில்தான் சோறு ஆக்கினோம். சிரட்டைக்கரியைப் பற்றவைத்து, புகை முற்றாக அடங்கி மேலே வெண்சாம்பல் படரும்வரை காத்திருக்கச் சொன்னார் அம்மா. புகை மணம் ஏறினால் எல்லாம் வீண். பின்னர் அடுப்பின் இருபுறமும் கல் அடுக்கி, தணலுக்கு ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில் கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டை வைத்தோம். தொகை தொகையாகப் பூக்களைப் பரப்பினேன். அம்மா தாழ்வாரத்தில் குந்தியிருந்து சுளகால் பக்கவாட்டில் மெல்ல விசிறினார். தணல் கனலாமலும் காற்று நில்லாமலும் விசிறும் அந்த அளவு எனக்கு இன்றும் கைவராது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரலால் தொட்டுப் பார்ப்பார். "இதை எடு. இது நிக்கட்டும்." அவருக்குக் கண் பார்வை அரைவாசிதான், விரல் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நாலரைக்குள் எழுபதுக்கு மேற்பட்ட பூக்கள் கலகலவென்று ஒலிக்கும்படி விறைத்துவிட்டன. சூட்டோடு அல்ல, ஆறவைத்தே தகரத்தில் அடைத்தேன். அந்த ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரமாகத் தோன்றிற்று.

கேக்கை வெறுமையாகவே மண்டபத்துக்குக் கொண்டு சென்றேன். பூக்களை அங்கே வைத்துத்தான் சூட்டினேன். அதுவும் விருந்தினர் வரத் தொடங்கிய பின்னர். பட்டர் ஐசிங்கில் கொழுப்பு மிகுதியாகவும் நீர் குறைவாகவும் இருப்பதால் சில மணி நேரம் பூக்கள் தாங்கும். பாலாடைக் கிறீம் பூசிய கேக்கானால் ஒரு மணி நேரமும் தாங்கா. ஒவ்வொரு பூவின் அடியிலும் உருக்கிய வெள்ளைச் சொக்கலேற்றை மெல்லத் தடவியிருந்தேன். அதுவும் ஈரத்தைத் தடுக்கும். மணப்பெண் வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு பூவின் இதழைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நகைப்பெட்டியைத் தொட்டதைப் போல அவளுடைய தாயார் அவள் கையைத் தட்டிவிட்டார்.

வைபவம் முடிந்து தட்டுகளைத் திரும்பப் பெறச் சென்றேன். ஓரத்தில் ஒதுக்கப்பட்ட பூ ஒன்றேனும் இருக்கிறதா என்று மேசைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சிறுவனின் தட்டில் மட்டும் அரைப் பூ இருந்தது. அவனும் அதைக் கடைசியில் தின்பதற்காக வைத்திருந்தான் போலும், என் கை நீளக் கண்டதும் வாயில் திணித்துக்கொண்டான். மீதிப் பணத்தைத் தாயார் அங்கேயே எண்ணித் தந்தார். பூவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாட் காலை மருந்துக்கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். மகள் கணவனோடு கனடாவுக்குப் புறப்படுகிறாளாம். கேக் வேண்டாம், "அந்தப் பூ மட்டும்" ஒரு தகரம் கிடைக்குமா என்று கேட்டார். மழை சற்று ஓய்ந்து வாடைக் காற்று எழட்டும், தருகிறேன் என்றேன். நாற்பது பூக்களுக்கு இரண்டு பழம் போதும். மூன்று வாங்கினேன். கணவர் மூன்றையும் உருட்டிப் பார்த்து ஒன்றைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கினார். முதல் தட்டு ஆறியதும் உடைந்த வட்டம் ஒன்றை அம்மாவிடம் நீட்டினேன். அவருக்குப் பல் இல்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊறவைத்தார். பனாட்டை அப்படித்தான் தின்பது.